தஹ்சீன் பிடித்த செல்போன் நோன்பு

வஜீதாவின் தையல் மெஷின் நின்றால் அந்த வீட்டில் அடுப்பும் நிற்கும். புருஷன் லாரியோடு மாதக்கணக்கில் வடக்கே போய்விடுகிறவன். செங்கம் ரோட்டில், கிரிவலம் போகிறவர்கள் கடக்கிற வாசல் அவளுடையது. ரம்ஜான் வந்துவிட்டால் சுடிதார் தைக்கத் தெருவே அந்த வாசலில் நிற்கும். போன ரம்ஜானில் அப்படி ஒரு நெருக்கடியில்தான், நச்சரித்துக்கொண்டிருந்த மகள் கையில் பழைய செல்லைத் திணித்தாள். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

மகள் தஹ்சீனுக்கு எட்டு வயது. ஒரே வருஷத்தில் பிள்ளை தூக்கத்தை மறந்துபோனாள். செல்லைப் பிடுங்கி வைத்தாலும் இருட்டில் கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டு கிடப்பாள். வகுப்பில் பெஞ்சிலேயே சாய்ந்துவிடுவாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். டாக்டர் மருந்தே எழுதவில்லை. "செல்லை நிறுத்துங்கம்மா, தூக்கம் தானா வரும்" என்று அனுப்பிவிட்டார். சொல்வது சுலபம். நிறுத்திய அன்றெல்லாம் வீடு ரணகளமானது. வஜீதா அடித்தும் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். பெற்ற பிள்ளையைத் தன் கையாலேயே தொலைத்துவிட்டோம் என்ற பயம் அவளை விடவே இல்லை.

இந்த ரம்ஜானில் ஒரு நாள் தஹ்சீன் வந்து நின்றாள்.

"நானும் நோன்பு பிடிக்கிறேன் அம்மி."

அவர்கள் வீடுகளில் முதல் நோன்பு பிடிக்கிற பிள்ளைக்கு மாலை போடுவார்கள். புதுத்துணி உண்டு, சொந்தக்காரர்கள் பரிசோடு வருவார்கள். பிள்ளைக்கு அந்த மாலையின் மேல் கண்.

"இந்த வெயில்ல தண்ணி குடிக்காம இருப்பியாடி? அடுத்த வருஷம் பாக்கலாம்."

முகம் தொங்கிப்போனது. கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப சாப்பிட்டுக்குறேன். செல்லு பாக்காம நோன்பு இருக்கட்டுமா? விடியக்காலை சஹர்லேருந்து சாயங்காலம் பாங்கு சொல்ற வரைக்கும்?" என்றாள்.

அப்படி ஒரு நோன்பு எந்த மார்க்கத்திலும் இல்லை. வஜீதாவுக்கு அது தெரியாதா? ஆனால் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தால் யாராவது சட்டம் பேசுவார்களா? "பிடி கண்ணு, பெரிய நோன்பு அது" என்றாள். மாலைக்கும் சொல்லிவைத்தாள்.

நோன்புக்குக் குறித்த ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி. காலையில் பிள்ளை பட்ட பாடு இருக்கிறதே! நகத்தைக் கடித்தாள், சுவரை உதைத்தாள், காரணமில்லாமல் அழுதாள். வஜீதாவுக்கே மனசு கேட்காமல் செல் இருந்த அலமாரிப் பக்கம் கை போனது. "வேணாம் அம்மி, நான் நோன்பு" என்று கத்திவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

வாசலில் வெயிலோடு வெறுங்காலில் ஜனம் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு யாரும் சொல்லாமலே குடத்தையும் சொம்பையும் இழுத்துக்கொண்டு போய், வருகிறவர்களுக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள். எந்த ஊர், கால் சுடவில்லையா, மலை எவ்வளவு பெரிசு என்று ஆள் ஆளாகக் கேள்வி. உள்ளே மெஷினை மிதித்துக்கொண்டிருந்த வஜீதாவுக்குக் கால் நின்றுபோனது. வாசலில் கலகலவென்று சிரிக்கிறது யார்? எட்டிப் பார்த்தாள். அவள் பிள்ளைதான்.

மத்தியானம் தாண்டி அழுதுகொண்டே ஓடிவந்தாள் தஹ்சீன். கிரிவலம் வந்த அம்மா ஒருத்தி தன் செல்லை நீட்டி, மலையோடு சேர்த்துப் போட்டோ எடுக்கச் சொல்லியிருக்கிறாள். இவளும் எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

"நோன்பு முறிஞ்சிடுச்சா அம்மி?"

"மறந்துபோய் தானே வாங்கின?"

"ஆமா."

"மறந்து சாப்பிட்டாலே நோன்பு முறியாதுடி. இதுவும் முறியல. போ."

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் குடத்துக்குப் போனாள்.

சாயங்காலம் சொந்தக்காரர்கள் கூடினார்கள். தெருக்கோடியில் நிலா எழும்பும் நேரம். புதுப் பாவாடையும் கழுத்தில் மாலையுமாகப் பிள்ளை நடுவில் உட்கார்ந்திருந்தாள். எதிரே பேரீச்சம்பழம், நோன்புக் கஞ்சி. அப்போது வந்து சேர்ந்தான் வஜீதாவின் தம்பி முபின். டவுனில் செல்போன் கடையில் வேலை பார்க்கிறவன். ரிப்பன் கட்டிய பெட்டியைப் பிள்ளை முன்னால் வைத்தான். புத்தம் புதுச் செல்.

"பாங்கு சொன்னதும் பிரிச்சுக்கோடா செல்லம். மாமூவோட பரிசு!"

முதல் நோன்புக்குப் பரிசு கொடுக்க வேண்டும் என்பது நினைவிருந்தது. பிடித்தது என்ன நோன்பு என்பதுதான் அந்தப் புத்திசாலிக்கு மறந்துபோனது. வஜீதாவுக்குத் தம்பியை நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது. பிடுங்கவும் முடியாது. பாங்கு வரைக்கும்தான் என்பது அவளே ஒப்புக்கொண்ட பேச்சு. அதற்குப் பிறகு பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?

பாங்கு சொன்னார்கள். தஹ்சீன் பேரீச்சம்பழத்தைக் கடித்தாள். கஞ்சி நாலு வாய் குடித்தாள். பெட்டியைப் பார்த்தாள்.

"அப்புறம் பிரிக்கிறேன் மாமூ. காலெல்லாம் வலிக்குது."

சொல்லிக்கொண்டே அம்மா மடியில் சரிந்தாள். பாதிப் பழம் இன்னும் கையில் இருந்தது. கண் மூடிக்கொண்டது.

"என்னாச்சு? மயக்கமா?" என்று பதறினான் முபின்.

"கத்தாதடா. தூங்குறா."

அத்தனை பேர் பேச்சிலும் பிள்ளை அசையவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது, மாலை ஏறி ஏறி இறங்கியது. கடவுளே, இவ்வளவு பெரிய தூக்கமா இந்தச் சின்ன உடம்புக்குள் இருந்தது! வஜீதா பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கையை அசைக்கவும் அவளுக்குப் பயமாக இருந்தது.

முபின் பெட்டியைச் சத்தமில்லாமல் எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டான். மற்றவர்கள் மஃரிபு தொழுகைக்கு எழுந்தார்கள்.

"நீங்க தொழுங்க. இவ தலைக்குத் தலகாணி வெச்சுட்டு நான் வரேன்" என்றாள் வஜீதா, உதடு மட்டும் அசைய.