கவருக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டுச் சண்டையில் பெரும்பாலும் என் குரல்தான் வெளியே கேட்கும். என் கணவரின் குரல் தறிச் சத்தத்தில் அடங்கிப் போய்விடும். ஆனால் அந்த மார்கழியில் நாங்கள் இருவரும் போட்ட சண்டை பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு முழுக்கத் தெரியும். காரணம் ஒரு பிளாஸ்டிக் குழாய்.

காலையில் நாங்கள் பட்டு நெய்கிறோம். கரையைத் தனியாக நெய்து உடலோடு கோக்கும் கோர்வைச் சேலைக்கு ஆள் இரண்டு வேண்டும். அவர் நடுவில் உட்கார்ந்து நெய்வார், நான் ஓரத்தில் உட்கார்ந்து கரைக்கான நூல் ஓடும் நாடாவைப் போடுவேன். மதியத்துக்கு மேல் அவர் டிராக்டர்காரர். பின்னால் புல்வெட்டும் மெஷினை மாட்டிக்கொண்டு மாந்தோப்பு, மைதானம், காலி மனை என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவார். டிராக்டருக்கும் மெஷினுக்கும் நடுவில் ஓர் இரும்புத் தண்டு சுழலும். ஷாஃப்ட் என்பார்கள். டிராக்டரின் பலம் அதன் வழியாகத்தான் பிளேடுக்குப் போகிறது. அந்தத் தண்டை மூடி ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கும், அதுதான் கவர். உள்ளே தண்டு எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் கவர் சுழலாது. ஒரு சின்னச் சங்கிலி அதை அசையாமல் பிடித்திருக்கும்.

அந்தக் கவரை அவர் கழற்றியது ஆயுத பூஜை அன்று. தறி, நாடா, டிராக்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தவர், ஷாஃப்டிடம் வந்ததும் நின்றுவிட்டார்.

"ஒழைக்கறது இரும்பு. பிளாஸ்டிக்குக்கா பொட்டு வெப்பாங்க?" என்றார்.

கவரைக் கழற்றி, தண்டுக்குப் பட்டை போட்டுப் பொட்டு வைத்தார். பூஜை முடிந்தது. கவர் பரணுக்குப் போனது, திரும்பி வரவில்லை. கேட்டால், "கிரீஸ் வெக்க இதான்மா சௌகரியம்" என்பார். எங்கள் வீட்டில் சோம்பேறித்தனத்துக்கு அப்படி ஒரு பெயர் உண்டு.

அதன் பிறகு மெஷின் ஒவ்வொரு விதமாகப் படுத்த ஆரம்பித்தது. திருப்புட்குழியில் பிளேடு கல்லில் மோதி ஷாஃப்ட் போல்ட் அறுந்தது. அது போகட்டும், அறுவதற்கென்றே வைத்த போல்ட் அது. அது அறுந்தால்தான் மற்றவை பிழைக்கும். ஆனால் மாகறல் பக்கம் ஒரு மாந்தோப்பில் வேலை நடக்கும்போது, தண்டு வளைந்து சுழல இடம் கொடுக்கும் மூட்டு ஒன்று உண்டே, கிராஸ் என்பார்கள், அது கடகடவென்று கத்திவிட்டு ஒரேயடியாகப் போய்விட்டது. பாதித் தோப்பு வெட்டியதோடு வேலை நின்றது.

ஷாஃப்டைக் கழற்றிக்கொண்டு எங்கள் வழக்கமான பாய் பட்டறைக்குப் போனோம். பாய் ஒரு ஸ்குரூ டிரைவரால் மூட்டுக்குள் குத்தி இழுத்தார். காய்ந்த புல்லும் நைலான் கயிறும் சுருள் சுருளாக வந்தன.

"பாரும்மா, சடை பின்னினாப்ல சுத்திக்கினு இருக்குது. கிரீஸ் எல்லாத்தையும் இதுவே துன்னுட்டுது. கவர் எங்க?"

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் பட்டறைக் கூரையைப் பார்த்தார்.

பரணில் இருந்த கவரை எலி பாதி தின்றுவிட்டிருந்ததைச் சொன்னேன். புதியது மெட்ராஸிலிருந்து வரவேண்டும். கிராஸை மாற்றித் தருகிறேன், ஆனால் கவர் வராமல் டிராக்டரில் மாட்டித் தரமாட்டேன் என்றார் பாய்.

"நான் என்னா சின்னப் புள்ளையா பாய்? உஷாரா இருக்கேன்" என்றார் என் கணவர்.

"உஷாரா இருக்கறவன்தான்பா கிட்ட போவான். பயந்தவன் தூரத்துல நிப்பான். துண்டு மாட்டிச்சுனா, துண்ட விட்டுடலாம்னு நீ நெனைக்கறதுக்குள்ள கை போயிருக்கும்."

என் கணவர் ஷாஃப்டை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். மாட்ட அவருக்கும் தெரியும். வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக டிராக்டர் சாவியை எடுத்து என் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அப்போது ஆரம்பித்ததுதான் அந்தச் சண்டை. மா பூவெடுப்பதற்குள் புல்லை வெட்டி முடிக்க வேண்டும் என்று தோப்புக்காரர் போன் மேல் போன் போட்டார். அவர் வேறு டிராக்டரைக் கூப்பிட்டுவிட்டால் அடுத்த வருஷமும் அந்தத் தோப்பு நமக்கில்லை. அது எனக்கும் தெரியும்.

"சாவிய குடுமா."

"கவர் வரட்டும்."

"ஊர்ல எவன் கவர் போட்டு ஓட்டறான், சொல்லு?"

"ஊர்ல எவனும் எனக்குப் புருஷன் இல்லியே."

பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று, "இன்னாபா, ஓனரம்மா வண்டி தரலியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். என் கணவருக்கு மூக்குக்கு மேல் கோபம். கோபத்தோடு நெய்தால் பட்டுக்குப் பிடிக்காது. இழை அறுந்துகொண்டே இருந்தது.

ஓரத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இழை அறுந்த அந்தக் கணமே அவர் கை தறியின் பாவு இழைகளுக்குள் போகிறது. கண் வேறெங்கோ, நினைப்பு தோப்பில், வாய் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் கை மட்டும் தானாகப் போய், அறுந்த முனைகளைப் பிடித்து முறுக்கி, பிணைத்துவிட்டு வருகிறது. அழகான கை. கல்யாணமான புதிதில் அந்தக் கையைப் பார்த்துத்தான் மயங்கினேன், முகத்தைப் பார்த்து அல்ல. அன்றைக்கு அதே கையைப் பார்த்ததும் மூடாத அந்தத் தண்டுதான் நினைவுக்கு வந்தது. தறி மனிதனுக்குக் கட்டுப்பட்டது. மிதியிலிருந்து காலை எடுத்தால் நின்றுவிடும், யார் கையையும் இழுக்காது. தறியில் பழகிய கைக்கு, சிக்கிய எதைப் பார்த்தாலும் உள்ளே போய் எடுக்கத்தான் தெரியும். இன்ஜின் ஓடும்வரை சுழலும் ஷாஃப்டுக்கு அந்தக் கைக்காக நிற்கத் தெரியுமா?

"உங்க கைய நெனச்சாதாங்க எனக்கு பயமா இருக்குது" என்றேன்.

நாடா நின்றது. "என் கையையா நம்பல நீ?" என்று கேட்டார். குரல் இறங்கிவிட்டது.

"நம்பறேன். அது இன்னா பண்ணும்னு தெரியும். அதான் பயம்."

அவர் மறுபடி நாடாவை ஓட்டினார். அதற்குப் பிறகு சாவி கேட்கவில்லை.

பஸ் பார்சலில் கவர் வந்தது. கறுப்பாக, அசிங்கமாக இருந்தது. பாய் அதை மாட்டி, சங்கிலியைக் கோத்து, கையால் உலுக்கிப் பார்த்தார். நானும் ஒரு முறை உலுக்கிப் பார்த்தேன். "சந்தேகம் புடிச்ச குடும்பம்" என்று பாய் சிரித்தார்.

அன்றைக்கு மதியமே, சாவியை அவரிடம் கொடுத்து, தறியை அப்படியே விட்டுவிட்டு, சோற்றுத் தூக்கோடு நானும் தோப்புக்குப் போனேன். புல் முழங்காலுக்கு மேல் இருந்தது. மெஷின் போன வழியெல்லாம் பச்சை வாசனை. நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு மரத்தடியில் கோவைக்கொடி ஒன்று அறுபட்டு, ஷாஃப்ட் கவர் மேல் நீளமாக விழுந்து தொங்கியது. வண்டியை நிறுத்தி இறங்கினார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. கொடியைப் பார்த்தார். இழை அறுந்ததைப் பார்க்கிற அதே பார்வை. நான் "யோவ்!" என்று கத்துவதற்குள் கை போய்விட்டது.

அவர் உள்ளங்கை கவர் மேல் பதிந்தது. கவர் அசையவில்லை. கொடியும் அசையாமல் கிடந்தது. உள்ளே இரும்பு சுழல்வது அவர் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். கையை எடுக்காமல், மூச்சுவிடாமல், இன்னொருவர் கையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு கையை மெதுவாக எடுத்தார். போய் இன்ஜினை அணைத்தார். தோப்பில் காக்கைச் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. என்னிடம் வந்து சாவியை என் கையில் வைத்து மூடினார்.

"வெச்சுக்கோ. இனிமே நான் மெஷின்கிட்ட குனியறப்ப சாவி அதுல இருக்கக்கூடாது."

அழுதேன். நன்றாகவே அழுதேன். அவர் கொடியை எடுத்துத் தூரப் போட்டுவிட்டு வந்து, தூக்கைத் திறந்து, "கொழம்பு ஆறிப்போச்சு" என்றார்.

இருட்டுவதற்குள் தோப்பு முடிந்தது. விஷயத்தைக் கேட்ட பாய், கவர் இருந்தாலும் ஓடுகிற மெஷினில் கை வைக்கலாமா என்று அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். எனக்கு மிச்சமே வைக்கவில்லை. இப்போது நான் கூடப் போகாத நாட்களில், அவர் இறங்குவதற்கு முன் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார் என்று தோப்புக்காரர் சொன்னார்.

அடுத்த ஆயுத பூஜையில் தறிக்கும் நாடாவுக்கும் டிராக்டருக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். ஷாஃப்டிடம் வந்தார். கழற்றவில்லை. சந்தனத்தைக் குழைத்துக் கவர் மேலேயே வைத்தார்.

விடுவேனா? "பிளாஸ்டிக்குக்கா பொட்டு வெப்பாங்க?" என்று கேட்டேன்.

"அன்னிக்கு என் கை பட்ட எடத்துல வெக்கறேன்" என்றார்.

குங்குமக் கிண்ணத்தை அவர் பக்கம் நீட்டினேன்.