நான்காவது போல்ட்

ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் எட்டு வருடமாக எனக்கு ஒரே வேலை, சீட்டுக்கு போல்ட் இறுக்குவது. எதையும் கழற்றிப் பழக்கமில்லை.

என் கணவர் வேறொரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். பைக் விபத்துக்குப் பிறகு அவருடைய வலது முழங்கால் மடங்கவில்லை. ஐந்து மாதமாகச் சேரப்பணஞ்சேரி வீட்டில் கட்டிலே கதியென்று கிடந்தார். தண்டலத்தில் பிசியோதெரபிக்குப் போகவேண்டும். ஆட்டோவில் காலை நீட்ட முடியாது. இரண்டு முறை போய்விட்டு, வலி தாங்காமல் நிறுத்திவிட்டார். என்னோடு பேசுவதும் குறைந்துபோனது.

குன்றத்தூரில் இருக்கும் என் அண்ணன், மழையில் நனைந்துகொண்டு நின்ற தன் பழைய காரை எங்களுக்குக் கொடுத்தார். முன் சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டால் கால் நீட்டலாம். ஆனால் சீட்டுக்கு அடியில் அது நகரும் இரும்பு ரயில் துருவேறி இறுகிக் கிடந்தது. சீட்டைக் கழற்றி வேறு ரயில் போடவேண்டும். மொத்தம் நான்கு போல்ட்.

முந்தின நாளே எண்ணெய் விட்டு ஊறவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் ஸ்பானரோடு உட்கார்ந்தேன். மூன்று போல்ட் கிறீச்சிட்டுக்கொண்டே வந்தன. நான்காவதை அழுத்தித் திருப்பியபோது 'டக்'கென்றது. கழன்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். தலை மட்டும்தான் கையோடு வந்தது. மிச்சம் கார் தரைக்குள்ளேயே நின்றுவிட்டது.

சீட்டைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் டிரில் இரவல் வாங்கி வந்து அந்த மிச்சத்தின் மேல் வைத்தேன். பிட் வழுக்கித் தகட்டைக் கீறியது. மறுபடியும் வழுக்கியது. காருக்குள் தலையை விட்டபடியே அழுதேன்.

"இன்னாத்துக்கு அப்படி அழுத்தினுகீறே? பஞ்ச் அடிக்காம டிரில் எப்படி நிக்கும்?"

வாக்கரைப் பிடித்துக்கொண்டு அவர் வாசலில் நின்றிருந்தார். டிரில் கத்திய கத்தல் அவருக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து கார் கதவருகே போட்டேன்.

"நீங்களே புடிங்களேன்."

"எனக்குக் குனிய முடியாது. நீ புடி, நான் பாக்குறேன். முதல்ல அரத்தால மட்டமா தேய். அப்பால பஞ்ச் வெச்சு நட்டநடுவுல ஒரு புள்ளி அடி. நடு தப்புச்சின்னா மரை பூடும்."

முதலில் சின்ன பிட், பிறகு கொஞ்சம் பெரியது. "சூடாவுது பாரு, எண்ண வுடு. கைய சாய்க்காதே." டிரில் சாயும்போதெல்லாம் என் தோளைத் தொட்டு நிமிர்த்தினார். குனிந்து குனிந்து என் முதுகு விட்டுப்போனது.

"உங்க கீழ வேலை செஞ்சவங்கல்லாம் பாவம்" என்றேன்.

சிரித்துவிட்டார்.

கடைசி பிட் போய் வந்தபோது போல்ட்டில் மெல்லிய ஓடுதான் மிஞ்சியிருந்தது. ஊசிமூக்குக் குறட்டால் பிடித்துத் திருகினேன். சுருண்டு வந்தது. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓட்டைக்குள் இருந்த மரைக்கு ஒன்றும் ஆகவில்லை. "தப்பிச்சுது" என்று அவரிடம் சொன்னேன்.

புதன்கிழமை ஷிஃப்ட் முடிந்து வந்து, பழைய சாமான் கடையில் வாங்கிய ரயிலைப் போட்டுச் சீட்டைப் பொருத்தினேன். அவர் உட்கார்ந்து காலை நீட்டிப் பார்த்தார். தாராளமாக இடம் இருந்தது. லைசென்ஸ் எடுத்துச் சில மாதமே ஆகியிருந்த நான் பயந்து பயந்து ஓட்டினேன். தண்டலம் வரைக்கும் கிளட்சைப் பற்றியே திட்டிக்கொண்டு வந்தார்.

அங்கே பயிற்சி முடிந்ததும் நான் வாய் திறப்பதற்குள், "வெள்ளிக்கிழமையும் வரேன்மா" என்று பயிற்சி கொடுத்த பெண்ணிடம் அவரே சொன்னார்.