இரத்தச் சோதினையில் முதலாம் பிள்ளை

றோசமலர் பாவற்காய்த் துருவலைப் பழைய தலையணை உறையில் போட்டு முடிந்து, கோப்பைக்கு மேலே பிடித்துப் பிழிந்துகொண்டிருந்தாள். ஒரு முறுக்கு, இன்னொரு முறுக்கு, கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முறுக்கு. பல்லரோச் சந்தையில் மொறீசியஸ்காரன் பாவற்காயைத் தங்கம் மாதிரித்தான் நிறுத்துக் கொடுப்பான். ஒரு சொட்டும் வீணாகக் கூடாது. விடிந்தால் இரத்தச் சோதினை. சோதினை என்றால் ஆயத்தம் செய்யத்தானே வேண்டும்?

இது தொண்ணூற்றாறாம் ஆண்டு தவக்காலத்தில் தொடங்கிய கூத்து. ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் தொத்தோரெசா மன்கூசோ என்ற இளம் பெண் டொக்டர் கோயில் மண்டபத்துக்கு வந்தார். சிசிலிக்கு வந்து குடியேறிய தமிழருக்குச் சீனி வருத்தம் கூடுகிறதா என்று அவரும் அவருடைய பேராசிரியரும் ஆராயப் போகிறார்களாம். பலெர்மோ முழுக்கத் தமிழர் இருக்க, பதினாறு பேர் போதுமென்று பேராசிரியர் சொல்லிவிட்டார். அதிலும் ஒருவன் இரண்டாம் மாதமே ஜெர்மனிக்குப் போய்விட்டான். அவனுடைய இரத்தமும் அவனோடு போய்விட்டது. மிஞ்சிய பதினைந்து பேரின் கைகளிலும் மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் ஊசி குத்திப் பழகினார்கள். ஒரு பெடியன் நரம்பைத் தேடிய தேடலுக்குக் கிணறே தோண்டியிருக்கலாம். குத்தி முடிந்தால் ஒரு கோப்பியும் கிறீம் வைத்த கொர்னெத்தோ பணிஸ் ஒன்றும் கிடைக்கும். சீனி வருத்தம் தேடுகிற இடத்தில் அதைத்தான் கொடுத்தார்கள்.

“வழமைபோலச் சாப்பிடுங்கோ. இரவு பத்து மணிக்குப் பிறகு மட்டும் ஒன்றும் வேண்டாம்” என்று தொத்தோரெசா மெதுவான இத்தாலியனில், கையையும் ஆட்டிக் காட்டிச் சொன்னார். எல்லாரும் இத்தாலியனில் ஓம் சொல்லி “சி, சி, தொத்தோரெசா” என்று தலையாட்டினார்கள். விளங்காமல் இல்லை. நன்றாகவே விளங்கியது. ஆனால் அவர்களில் ஒருவரான ஆனந்தராசா மண்டபப் படிக்கட்டிலேயே கூட்டம் வைத்துவிட்டார்.

“சீனி எண்டு எழுதுப்பட்டா குவெஸ்தூராவிலை பெர்மெஸோ விசாவைப் புதுப்பிக்க மாட்டாங்கள். வருத்தக்காரரை வைச்சிருக்க அவங்களுக்கென்ன விசரே?”

ஆனந்தராசா குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோர்ப் பக்கம் போகவே பயப்படுகிற ஆள். என்றாலும் அவர் சொன்னதை எல்லாரும் நம்பினார்கள். சோதினைக்கு முந்தின மூன்று நாளும் வீடுவீடாகச் சோறு நின்றது. கஞ்சித் தண்ணி, பாவற்காய்ச் சாறு, வெந்தயம் ஊறின தண்ணி. மறுமொழி வந்த அன்று மண்டபத்தில் இலக்கங்களை வாசிக்க, ஆகக் குறைந்த சீனியோடு றோசமலர் முதலாம் பிள்ளை. மேல்மாடிக் கனகேஸ்வரி இரண்டாம் பிள்ளை. றோசமலருக்கு மனம் குளிர்ந்தது. ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு வாழ்க்கையில் கிடைத்த முதலாமிடம்.

பேராசிரியருக்கு அதைவிடக் குளிர்ந்தது. தமிழரின் சமையலில் ஏதோ அற்புதம் இருக்கிறதென்று ஒரு மாநாட்டிலேயே போய்ப் பேசிவிட்டு வந்தார். பிறகுதான் சிக்கல். அதே இரத்தத்தை வேறொரு மெஷினில் போட்டார்கள். அது மூன்று மாதத்துச் சீனியைச் சேர்த்துக் காட்டுகிற மெஷின். மூன்று நாள் பட்டினியை அது கணக்கிலேயே எடுப்பதில்லை. அது பாதிப் பேருக்குச் சீனி என்று சொன்னது. ஆராய்ச்சி தெரிந்த பேராசிரியர் என்ன முடிவெடுப்பார்? மெஷின் பழுது என்றார். திருத்துவதற்கு மிலானில் இருந்து ஆளைக் கூப்பிட்டார்கள்.

சீனி உள்ளவர்களுக்கென்று குளிசையும், கால் பார்க்கத் தனி நேர்ஸும் ஒழுங்கு செய்திருந்தது. அந்தப் பக்கத்துக்கு ஒருவரும் தேறவில்லை. நேர்ஸ் கதிரையில் இருந்து ஸ்வெற்றர் பின்னிக்கொண்டிருந்தாள்.

றோசமலரின் வலக்காலில் சின்னவிரலுக்குக் கீழே ஒரு புண். பாஸ்காத் திருநாளுக்கு வந்தது, இன்னும் போகவில்லை. இரண்டு காலுறை போட்டு மூடிவைத்திருந்தாள். பொலிதேயாமாப் பக்கத்தில் அவள் வேலைக்குப் போய்ப் பராமரிக்கிற இத்தாலியக் கிழவிச் சினியோறாவின் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ற் இல்லை. கால் போனால் வேலை போகும். வேலை போனால் பெர்மெஸோவும் போகும். ஆனந்தராசா இதைப்பற்றிக் கூட்டம் ஒன்றும் வைக்கவில்லை.

கதவைத் தட்டாமலே கனகேஸ்வரி உள்ளே வந்தாள்.

“என்னக்கா, முதலாம் பிள்ளை பாடம் மீட்டுறா போலை?”

“நீயும் மீட்டுப்போட்டுத்தானே வந்து நிக்கிறாய். வாயிலை வெந்தயம் மணக்குது.”

“என்ரை வாய் கிடக்கட்டும். இஞ்சை வேறையொண்டு மணக்குது.” கனகேஸ்வரி மூக்கைச் சுழித்துக்கொண்டு கீழே பார்த்தாள். “காலுறையைக் கழட்டுங்கோ.”

“மாட்டன். நீயென்ன டொக்டரே?”

“டொக்டர் இல்லை. நாலு வருசம் கிழடுகளுக்குப் புண் கழுவினனான். இந்த மணம் எனக்குத் தெரியும். கழட்டுங்கோ.”

றோசமலர் கதிரையில் இருந்துகொண்டு கழற்றினாள். உள்காலுறை புண்ணோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் விட்டு நனைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. கனகேஸ்வரி குனிந்து பார்த்தாள். அவளுடைய பகிடி நின்றது.

“நோகேல்லையே?”

“இல்லையடி. நோகாதபடியால்தான் பேசாமல் இருந்தனான்.”

“நோகாததுதான் பயம். நான் முந்திப் பார்த்த சினியோறாவும் நோகேல்லை எண்டுதான் சொல்லிக்கொண்டிருந்தவ. முதல் விரலை எடுத்தவங்கள். பிறகு முழங்காலோடை. உங்களுக்கு முதலாமிடம் வேணுமோ, கால் வேணுமோ?”

“பெர்மெஸோ?”

“நொண்டிக்கு ஆர் வேலை குடுக்கிறது? வேலையில்லாட்டி எந்தப் பெர்மெஸோ?”

“எல்லாருக்கும் முன்னாலை என்னெண்டு சொல்லுறது, கனகேசு? சனம் சிரிக்கும். எல்லாற்றை குட்டும் வெளிப்படும்.”

“சிரிக்கட்டும். சிரிக்கிறவையோ வந்து உங்களைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறப்போகினம்?”

றோசமலர் காலைப் பார்த்தாள், பிறகு கோப்பையைப் பார்த்தாள். கடைசியில் எழுந்து அரிசியைக் கழுவி அடுப்பில் வைத்தாள்.

“அப்ப இந்தச் சாறு?” என்றாள் கனகேஸ்வரி.

“ஊத்து.”

“பல்லரோ விலைக்கு வாங்கினதை ஊத்துறதோ?” கனகேஸ்வரி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தாள். முகம் கோணிப்போனது. “நாளைக்கு நான் முதலாம் பிள்ளை” என்று சொல்லிவிட்டு மேலே போனாள்.

வேலையால் வந்த அகஸ்ரின், மனைவி சோறும் உருளைக்கிழங்குக் குழம்பும் போட்டுக்கொண்டு இருப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டான்.

“என்னப்பா, நாளைக்கெல்லோ சோதினை?”

“ஓம். அதுக்குத்தான் சாப்பிடுறன்” என்றாள் றோசமலர். அவனுக்கும் போட்டாள். சீனி போட்ட தேத்தண்ணியும் குடித்தாள், எந்தநாளும் குடிக்கிற மாதிரியே. தொத்தோரெசா சொன்ன ஒன்றை அவள் ஒழுங்காகச் செய்தது அன்றைக்குத்தான்.

அடுத்தநாள் காலை வெறும் வயிற்றோடு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். தாழ்வாரத்தில் மிச்சப் பதினான்கு பேரும் கன்னம் ஒட்டி இருந்தார்கள். ஊசிப் பெடியன் கையைக் கேட்டான். றோசமலர் கையைக் கொடுக்கவில்லை. காலுறையைக் கழற்றிக் காலை மரவாங்கின்மேல் தூக்கி வைத்தாள்.

தொத்தோரெசா பார்த்தார். முகம் மாறியது. எப்போது இருந்து என்று கேட்டார். பாஸ்காவில் இருந்து என்றாள். அப்படியென்றால் போனமுறை சீனி எப்படி அவ்வளவு குறைவாக இருந்தது என்று கேட்டார்.

“பட்டினி, தொத்தோரெசா. மூண்டு நாள்” என்று தனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னாள் றோசமலர். “பாவற்காயும்.” பாவற்காய்க்கு இத்தாலியன் தெரியாததால், முகத்தைக் கோணிக் காட்டினாள்.

“நீங்கள் மட்டுமா?”

ஆனந்தராசா தன் சப்பாத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். கனகேஸ்வரி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவையளைக் கேளுங்கோ. முதல் பெர்மெஸோவுக்கு ஒண்டும் வராதெண்டு சொல்லிப்போட்டுக் கேளுங்கோ.”

தொத்தோரெசா தாழ்வாரத்தின் நடுவில் வந்து நின்று, இந்தச் சோதினைத் தாள் ஒன்றும் குவெஸ்தூராவுக்குப் போகாது என்று சத்தமாகச் சொன்னார். பட்டினி கிடந்து சீனியை மறைத்தவர் யார் என்று கேட்டார். ஒரு கை உயர்ந்தது, பிறகு இரண்டு. கடைசியில் ஆனந்தராசாவின் கை, முழங்கை உயரத்துக்கு மட்டும். தொத்தோரெசா போய்த் தொலைபேசியில் மிலான்காரனை வரவேண்டாம் என்றார். மெஷினுக்கு ஒரு வருத்தமும் இல்லை. பேராசிரியருக்கு யார் சொல்வது என்றுதான் நெடுநேரம் யோசித்துக்கொண்டு நின்றார்.

நேர்ஸ் ஸ்வெற்றரைக் கீழே வைத்துவிட்டு வந்து புண்ணைக் கழுவினாள். மாணவர் எல்லாரும் சின்னவிரலைச் சுற்றிக் குனிந்து நின்று பார்த்தார்கள். இத்தனை மாதத்தில் அவர்கள் எதையாவது படித்தார்கள் என்றால் அது அன்றைக்குத்தான். விரல் தப்பும், ஆனால் ஒரு மாதத்துக்கு மாடி ஏறக்கூடாது என்றார் தொத்தோரெசா. அந்த ஒரு மாதமும் சினியோறாவைத் தான் போய்ப் பார்ப்பதாகக் கனகேஸ்வரி கூரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

பிறகு குளிசை கொடுத்தார்கள். இரத்தமும் எடுத்தார்கள். எல்லாருக்கும் கோப்பியும் கொர்னெத்தோவும் வந்தது. றோசமலர் கை நீட்ட, தொத்தோரெசா தட்டைத் தள்ளி வைத்தார்.

அவளுடையதையும் சேர்த்து இரண்டையும் கனகேஸ்வரி சாப்பிட்டாள்.