வராத புயலும் வந்த தங்கச்சியும்

போன கிழமை புயலுக்குப் பயந்து எங்கள் வீட்டிலிருந்து முதலில் இடம்பெயர்ந்தவர் என் கணவர்தான். தலையணை, பிரஷர் மாத்திரை, போன் சார்ஜர் — மூன்றையும் ஒரு பையில் போட்டு, சம்மாந்துறையில் இருக்கிற அவருடைய கூடப்பிறந்த ராத்தா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். சண்டையா? இல்லை. என் தங்கச்சி வருகிறாள். அவள் இத்தாவில் இருக்கிறாள்.

அவள் கணவர் மௌத்தாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும்; அதுதான் இத்தா. அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. என் கணவரும் அவளுக்கு அந்நிய ஆண்தான். இதெல்லாம் புயலுக்குத் தெரியுமா? அது பாட்டுக்கு வருகிறது... அவள் வீடோ சாய்ந்தமருதில் கடற்கரையோரம்.

காலையிலேயே அங்கே போனேன். ஆள் பிடித்து, காய்ந்த ஓலையும் தேங்காயும் இறக்கினேன். கூரைத் தண்ணீர்த் தாங்கியைப் பறக்காமல் இருக்க நிரப்பினேன். காணி உறுதிப் பத்திரத்தைப் பொலித்தீனில் சுற்றினேன். அரிசி மூட்டையைக் கட்டிலில் ஏற்றினேன். முதுகு விட்டுப்போயிற்று. எல்லாம் ஏற்றியாச்சு. ஏற்ற முடியாமல் இருந்தது தங்கச்சியைத்தான்.

"வெளிக்கிடு புள்ள."

"இத்தாவுல இரிக்கிறன். எப்பிடி ராத்தா வாறது?"

மௌலவிக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். "உசிருக்கு ஆபத்தெண்டா வெளிக்கிடத்தான் வேணும். ராத்தாட ஊட்டுலயே இத்தா இரிக்கலாம். குற்றமில்ல" என்றார். வேறென்ன வேண்டும்?

"மௌலவி ஓமெண்டுட்டாரு. ஊரு ஓமெண்டு சொல்லுமா?" என்றாள்.

"ஊரா உன்னக் கடலுக்குள்ள இருந்து தூக்கப் போகுது?" என்று கத்திவிட்டேன். கொஞ்சம் கூடத்தான் கத்திவிட்டேன். அழுதபடி எழுந்தாள். வேன் ஜன்னலெல்லாம் படுக்கை விரிப்பைக் கட்டி ஏற்றிக்கொண்டு வந்தேன்.

புயல்? திசை மாறிவிட்டது. எங்களுக்குக் கிடைத்தது ஒரு மழை, ஒரு கரண்ட் கட், புயலுக்கென்று வாங்கிக் குவித்து, தின்று முடிக்க முடியாத அளவுக்குப் பாண்.

அல்ஹம்துலில்லாஹ் என்று அவளைத் திரும்பக் கொண்டுபோய் விட்டேன். வேனை விட்டு இறங்கவில்லை, வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரி யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "இத்தாவுல இரிக்க ஏலாம வெளிக்கிட்டுப் போன. புயல் எங்க வந்த?"

தங்கச்சிக்குக் கேட்டுவிட்டது. உள்ளே போய், அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். ஒரு ஓடுகூட அசையவில்லை.

"ரெண்டு ஓடாவது பறந்திருக்கக் கூடாதா ராத்தா?"

வீடு தப்பியதற்கு அல்லாஹ்வுக்கு ஷுக்ர் செய்ய வேண்டியவள், உடைந்திருந்தால் நிம்மதி என்கிறாள். ஏனென்றால் உடைந்த ஓடுகளைக் காட்டி ஊரிடம் தப்பலாம். முழு ஓடுகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சம்மாந்துறையில் விருந்துச் சோறு தின்று, ஒரு சுற்றுப் பருத்துத் திரும்பினார் என் கணவர். வராத புயலுக்கு நீ ஏன் போனாய் என்று அவரை யாராவது கேட்டார்களா? கேட்கமாட்டார்கள். புயல் வந்தால் ஓடியவர்கள் எல்லாரும் புத்திசாலிகள். வராவிட்டால் ஓடியவளிடம் மட்டும் விசாரணை... ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வானொலியில் சொல்கிறார்கள் — வங்காள விரிகுடாவில் இன்னொரு தாழமுக்கமாம். எனக்குக் களைத்துப்போயிற்று. உடனே தங்கச்சிக்குப் போன் எடுத்தேன்.

"இந்த முற நான் வரல்ல ராத்தா. கடல் வந்தா வரட்டும்."

வேனுக்குச் சொல்லிவிட்டேன். கொஞ்சம் பெரிய வேன். இந்த முறை அடுத்த வீட்டுக்காரியையும் ஏற்றிக்கொண்டுதான் வரப்போகிறேன்!