ஊர் வைக்கும் முன் ஒன்பது கட்டம்

தம்பிராஜா எங்கே கால் வைத்தாலும் முதலில் குதிகாலால் இரண்டு முறை தட்டிப் பார்ப்பார். பிறகுதான் உடம்பின் பாரத்தை இறக்குவார். காட்டில் அளவுச் சங்கிலி பிடிக்கிறவருக்கு அது சரிதான். ஆனால் மலாக்காவில் காஜா பெராங் தெருக் கடைவீடு ஒன்றில் இருந்த நில அளவைக் கம்பெனியின் சிமெண்டுத் தரையிலும் அவர் அப்படித்தான் நடந்தார். டக் டக் என்று கேட்டதும் டைப் அடித்துக்கொண்டிருக்கும் கோகிலா நிமிராமலே, "வாங்கண்ணே" என்பாள்.

1957 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. வரப்போகும் மெர்டேக்கா, மலாயாவின் சுதந்திர நாளன்று எல்லாருக்கும் விடுப்பு, ஆனால் கருவிகளுக்குக் காவலாக ஓர் ஆண் ஆபீஸில் இருக்க வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். இருந்ததே இரண்டு ஆண்கள்: தம்பிராஜாவும், வரைபடம் வரையும் சிதம்பரநாதனும். படாங் திடலில் கொடி ஏறுவதைத் தோளில் தூக்கிக் காட்டுவதாக மகள் சந்திரமதிக்குத் தம்பிராஜா வாக்குக் கொடுத்திருந்தார்.

"சீட்டுக் குலுக்கலாமா, செட்டியாரே?"

"அதெல்லாம் வேணாம்லா. கோகிலா ஆட்டத்துல பாத்துக்குவோம்" என்றார் சிதம்பரநாதன். இதுவரை அதில் அவர் தோற்றதில்லை.

ஆட்டம் கோகிலா கண்டுபிடித்தது. கழித்துப்போட்ட வரைதாளில் கட்டம் போட்டு, காடு, சதுப்பு, ஆறு, கடல் என்று எழுதி, ஒவ்வொரு கட்டத்தையும் அட்டைத்துண்டால் மூடிவிடுவாள். நடுவிலிருந்து இருவரும் தீக்குச்சி மனிதனோடு கிளம்ப வேண்டும். ஒரு முறைக்கு ஒரு வேலை: ஒரு கட்டம் நடந்து அட்டையைத் திறக்கலாம், அல்லது நின்ற இடத்தில் ரப்பர் கொட்டையை வைத்து ஊராக்கலாம். ஊர் ஒன்றுதான், வைத்தால் வைத்ததுதான். காட்டு ஊருக்கு முறைக்கு ஒரு நெல்மணி. பக்கத்தில் கடல் இருந்தால் நான்கு. ஊர் வைத்ததும் பக்கத்து அட்டைகளைத் திறந்து காட்டுவாள். முதலில் முப்பது மணி சேர்ப்பவரே வென்றவர்.

சிதம்பரநாதன் யோசிக்கவே இல்லை. இடது பக்கம் கீழ்நோக்கி இரண்டு கட்டம் நடந்து கொட்டையை வைத்தார். பன்னிரண்டு வருஷமாக அவர் வரைந்த மலாக்காத் தாள் எல்லாவற்றிலும் கடல் அங்கேதான் இருந்தது. கோகிலா பக்கத்து அட்டைகளை எடுத்தாள்: வெறும் காடு, முறைக்கு ஒரு மணிதான்.

"பக்கத்துக் கட்டத்தத் தொறந்து பாத்துட்டு வச்சிருக்கலாமே" என்றார் தம்பிராஜா.

"நீ பாத்துக்கிட்டே இரு. எனக்கு நெல்லு விழ ஆரம்பிச்சாச்சு."

தம்பிராஜா நடந்தார். ஒவ்வோர் அட்டையைத் திறக்கும் முன்னும் விரலால் இரண்டு தட்டு.

"டேய், நீ ஊரு கட்ட வந்தியா, தபால் குடுக்க வந்தியா?"

"நடக்குறதுக்குத்தான செட்டியாரே எனக்குச் சம்பளம்."

கடல் எங்கே என்று கோகிலாவுக்கு மட்டும்தான் தெரியும். முகத்தில் தெரிந்துவிடக் கூடாதென்று ஜன்னலுக்கு வெளியே சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவது கட்டம் சதுப்பு. ஆறாவதும் சதுப்பு. தம்பிராஜா திரும்பி வலப்பக்கம் மேலே ஏறினார். ஒன்பதாவது காடு, அங்கே நின்று, இன்னும் திறக்காத மூலையை வெகுநேரம் பார்த்தார். போய்த் திறந்து திரும்பினால் இரண்டு முறை வீண். பிறகு ஊர் வைத்தார்.

"தொறங்கம்மா."

கோகிலா அட்டையை எடுத்தாள். நீலம்.

சிதம்பரநாதன் எழுந்தேவிட்டார். "எந்த ஊருலம்மா கடலு வடகிழக்குல இருக்கு?"

"இந்தத் தாள்ல அந்த மூலையில மை கொட்டியிருந்துச்சுண்ணே. வீணாக்க வேணாம்னு கடலாக்கிட்டேன்."

"செட்டியார் காட்டுக்கு வந்ததே இல்ல. தாளே போதும்னு இருந்துட்டாரு" என்றார் தம்பிராஜா. மூவரும் சிரித்தார்கள்.

அப்புறம் நெல் நான்கு நான்காக விழுந்தது. பதினெட்டாம் முறையில் தம்பிராஜா முப்பதைத் தாண்டியபோது, சிதம்பரநாதனிடம் பதினைந்து மணிதான் இருந்தது. அவர் கொட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "சரி போ. புள்ளைய நல்லா உயரத் தூக்கிக் காட்டு" என்றார்.

மெர்டேக்கா அன்று மதியம், கையில் காகிதக் கொடியோடு சந்திரமதியும், நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு தம்பிராஜாவும் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்கள். கொடி ஏறியதைச் சிறுமி நடித்தே காட்டினாள். சிதம்பரநாதன் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே பார்த்தார்.

அடுத்த வருஷம் பழைய களக்குறிப்பேடுகளைக் கோகிலா டைப் அடிக்க நேர்ந்தது. 1949-இல் ஒரு பக்கம்: பதினான்காம் வரைபடத் தாளில் உலர்நிலம் என்று காட்டிய இடத்தில் சங்கிலிக்காரர் தம்பிராஜா மார்புவரை சேற்றில் புதைந்துவிட்டார், மீட்க இரண்டு மணி நேரம். அவள் அலமாரியிலிருந்து பதினான்காம் தாளை எடுத்து விரித்தாள். கீழ் மூலையில், வரைந்தவர் கையெழுத்து சிதம்பரநாதனுடையது. வாசலில் டக் டக் என்று கேட்டது; இம்முறை அவள் நிமிர்ந்து பார்த்தாள்.