நெகட்டிவ் கேட்ட ஹெட்மாஸ்டர்

ஆம்பூரில் மனிதர்களை வெளுப்பாக்கிப் பிழைத்தவள் ஜெனிஃபா. அதில் அவளுக்குப் பெருமை ஒன்றும் கிடையாது. ஆட்டுத்தோலை டிரம்மில் போட்டு உருட்டி எந்த நிறத்தையும் ஏற்றிவிடுகிற ஊர்; தன் முகத்துக்கும் அதையே கேட்கிறது, கேட்டுவிட்டுப் போகட்டும் என்பாள். தொண்ணூறுகளில் கல்யாணப் பத்திரிகை டைப் அடிக்க ரத்தினசாமியின் போட்டோ ஸ்டூடியோவுக்கு வந்தவள். ஃபிலிம் போய் டிஜிட்டல் கேமரா வந்தபோது ரத்தினசாமி மவுஸைத் தொடவே பயந்தார். இவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள், பிறகு அந்த நாற்காலி இவளுடையதாகிவிட்டது. "பொண்ணு கலர் கொஞ்சம் கம்மி, ஏத்தி வுடும்மா" என்று வரும் மாமியார்களையும், தொப்பையைக் குறைக்கச் சொல்லும் மாப்பிள்ளைகளையும் பார்த்துப் பார்த்து, மனித ஜாதியின் மேலேயே அவளுக்கு இளக்காரம் வந்துவிட்டது.

அந்த இளக்காரத்தில் முதல் மரியாதை ஹெட்மாஸ்டர் கிருபானந்தத்துக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மைக் கிடைத்தால் அன்பு, மன்னிப்பு என்று உருகுவார். வீட்டில் என்ன செய்தார் என்று கேளுங்கள். மூத்த மகள் ஃபீபி, ஷூ கம்பெனியில் கட்டிங் செக்ஷனில் இருந்த பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். பையனும் அதே சர்ச்தான், அதே பாட்டுதான் பாடுகிறவன். காலனிக்காரன், அவ்வளவுதான் குற்றம். மனிதர் கத்தரிக்கோலை எடுத்து உட்கார்ந்து, வீட்டிலிருந்த படம் ஒன்று விடாமல் மகளை வெட்டி எடுத்தார். பிறகு ஏதோ படத்தை ஸ்கேன் செய்ய அந்த ஆல்பம் ஸ்டூடியோவுக்கு வந்தது. அம்மா ஜெயபுஷ்பத்தின் மடியில் குழந்தை இருந்த இடத்தில் ஓட்டை. இதெல்லாம் ஒரு மனுஷன், இவருக்கு ஒரு பிரசங்கம் வேறு என்று ஜெனிஃபா அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

2007 மே மாதம் அவர் மகன் ஜெஸ்டனுக்குக் கல்யாணம். கூப்பிடாமலேயே ஃபீபி வந்து நின்றாள். குடும்பப் படம் எடுக்கும் நேரத்தில் ஜெயபுஷ்பம் மகளின் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். சம்பந்தி வீட்டார் முன்னால் கிருபானந்தம் வாயைத் திறக்க முடியவில்லை. திறக்க வேண்டியதை அடுத்த வாரம் ஸ்டூடியோவில் வந்து திறந்தார்.

"இந்த ஓரத்துல நிக்குதே, இது ஆல்பத்துல வரக் கூடாது."

"உங்க பொண்ணுதானே சார்?"

"கேட்ட வேலையை மட்டும் செய்மா."

ஜெனிஃபா மவுஸால் படத்தின் ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ளினாள். ஃபீபி மறைந்துபோனாள். "அப்படியே எங்க முகமெல்லாம் கொஞ்சம் பளிச்சுனு பண்ணிடு" என்றார். வந்ததே வந்தோம், அதையும் வாங்கிக்கொண்டு போவோம் என்கிற நினைப்பு. அதையும் செய்து கொடுத்தாள்.

ஆல்பம் தயாரானதும் நெகட்டிவைக் கேட்டார். அந்தப் பக்கத்தில் அது பழைய வழக்கம். வாணியம்பாடி தோல் வியாபாரிகள் வீடுகளில், பெண்கள் படம் வெளியாள் கையில் இருக்கக் கூடாது என்று ஆல்பத்தோடு நெகட்டிவையும் வாங்கிப் போய்விடுவார்கள். அது கௌரவமாகத் தெரியவே மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். ஃபிலிம் ஒழிந்தும் வழக்கம் ஒழியவில்லை.

"சார், இதுல நெகட்டிவ்னு கிடையாது. ரா ஃபைல்னு இருக்கு. கேமரா பாத்தது பூரா அதுல அப்படியே இருக்கும். நான் மறைக்கிறது, வெளுக்கிறது எதுவும் அதைத் தொடாது. அதெல்லாம் பக்கத்துல தனியா ஒரு சின்ன ஃபைல்ல கிடக்கும். இங்க தொறந்தா..."

"நான் சயின்ஸ் வாத்தியார்மா. நெகட்டிவ் இன்னான்னு எனக்கே பாடம் எடுக்கிறியா?"

போ, உன் தலையெழுத்து என்று ஜெனிஃபா வாயை மூடிக்கொண்டாள். எல்லாவற்றையும் டிவிடியில் போட்டுக் கொடுத்தாள். அவர் நகரவில்லை. தோளுக்குப் பின்னால் நின்று, ஹார்ட் டிஸ்கில் இருந்ததை அழிக்கச் சொல்லி, கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியையும் காலி செய்ய வைத்த பிறகுதான் போனார். டிவிடி பீரோவுக்குள் போனது, சாவி அவர் இடுப்புக்குப் போனது.

சில மாதம் கழித்து ஜெயபுஷ்பம் காய்கறிப் பையோடு ஸ்டூடியோவுக்கு வந்தார்.

"ஜெனி, ஃபீபி இருக்கிற அந்தப் படம் ஒண்ணு குடு. சின்னதா, பர்ஸுல வெக்கிற மாதிரி. புருஷனோட சவுதிக்குப் போய்ட்டா. போன் வந்தா அவர் கட் பண்ணிடறார். எனக்கு அவ மூஞ்சியே மறந்துடும் போல இருக்கு."

"என்கிட்ட ஒரு காப்பிகூட இல்ல ஆன்ட்டி. எல்லாத்தையும் அழிக்க வெச்சிட்டார்."

"அப்ப போச்சா?"

"போகல. உங்க வீட்டு பீரோவுல இருக்கிற டிவிடியில முழுசா நிக்கிறா. சாதாரணமா படம் பாக்கற கம்ப்யூட்டர்ல போட்டாலே போதும், நான் மறைச்சது அதுக்குத் தெரியாது. எடுத்தது எடுத்தபடி வரும்."

"அவர் வெட்டிட்டேன்னாரே."

"வெட்டல ஆன்ட்டி. மறைச்சுத்தான் இருக்கு."

ஜெயபுஷ்பம் பையை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வருடம் கிருபானந்தம் ரிட்டயரானார். பாராட்டுக் கூட்டம், சர்ச் ஹாலில். தன் வாழ்க்கையைப் பெரிய திரையில் ஊருக்குக் காட்ட வேண்டும் என்று அவருக்கே ஆசை. சென்னையிலிருந்து தங்கை மகன் ஆலன் லேப்டாப்போடு வந்திருந்தான். "ஜெஸ்டன் கல்யாணப் படம் இல்லாம எப்டிங்க? அவ்ளோ கிராண்டா பண்ணீங்க, நாலு பேர் பாக்க வேணாமா?" என்றார் ஜெயபுஷ்பம். புகழ்ச்சிக்கு மயங்காத வாத்தியாரா? தன் கையாலேயே பீரோவைத் திறந்து டிவிடியை எடுத்துக் கொடுத்தார். அவசரத்தில் ஆலனும் எதையும் போட்டுப் பார்க்கவில்லை.

கூட்டத்தைப் படம் எடுக்க ஜெனிஃபாதான் போயிருந்தாள். மாணவர் படம், மேடைப் படம் என்று ஓடிக்கொண்டிருந்த திரையில் அந்தக் குடும்பப் படம் வந்தது. ஹெட்மாஸ்டர் உட்பட எல்லோரும் அவரவர் நிறத்தில் இருந்தார்கள். ஓரத்தில் ஃபீபி. அவள் மணிக்கட்டை அம்மா இறுக்கிப் பிடித்திருந்தார். ஹாலில் சலசலப்பு.

"ஆலன், அடுத்தது போடு" என்றார் கிருபானந்தம்.

"வேணாம் ஆலன். இருக்கட்டும்." சொன்னது ஜெயபுஷ்பம். மேடையில் தனக்குப் போட்ட மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, இறங்கித் திரையில் ஃபீபி தெரிந்த ஓரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். புரொஜக்டர் வெளிச்சத்தில் கண்ணீர் நன்றாகவே தெரிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"ஜெனி, எங்க ரெண்டு பேரையும் எடும்மா. அவளுக்கு அனுப்பணும்."

கிருபானந்தம் பதறி எழுந்து வந்து மனைவியின் முழங்கையைப் பிடித்தார். இந்த மூஞ்சி வேறு எதற்கு என்று ஜெனிஃபா கேமராவைத் திருப்பி அவரை விலக்கப் பார்த்தாள்.

"அவரும் வரட்டும்" என்றார் ஜெயபுஷ்பம். "அப்பா எங்க நின்னாருன்னு அவளும் பாக்கட்டும்."

ஜெனிஃபா கேமராவை அவர் பக்கமும் சேர்த்துத் திருப்பினாள். அது தன்னைப் பார்ப்பது தெரிந்ததும், ஹெட்மாஸ்டர் சால்வையைச் சரிசெய்துகொண்டு சிரித்தார்.