மூன்று பேருக்கு நாலாவது ஆள்

படம் பிடிக்கிறவன் கருப்புத் துணிக்குள் தலையை விட்டால் உலகம் தலைகீழாகத் தெரியும். வெளியே எடுத்தால் வாடிக்கைக்காரர்கள் தலைகீழாக நிற்பார்கள். திருச்சியில் பொருட்காட்சி நடக்கும் நாட்களில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் என் கூடாரம். மற்ற நாட்களில் பாலக்கரையில் ஒரு சின்ன ஸ்டூடியோ. 'ஆடாம நில்லுங்க' என்ற அதட்டலுக்குப் பயந்து மூச்சைப் பிடித்து நின்றவர்களே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். என் கஷ்டத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

கிழக்கு பார்த்தவர்

ஸ்ரீரங்கத்து ஸ்வாமி ஒருவர், தனக்குப் பின்னால் ராட்டினம் முழுசாக விழவேண்டும் என்றார். நின்ற இடத்தில் ராட்டினக் கம்பம் அவர் தலையில் முளைத்த மாதிரி தெரிந்தது. இரண்டடி பக்கவாட்டில் தள்ளித் திரும்பச் சொன்னேன். திரும்பினால் முகம் தெற்கே போகிறது, அது ஆகாது என்று, கிழக்கே பார்த்தபடியே பின்னால் பின்னால் போனார்.

நான் துணிக்குள் இருந்தேன். காமிராவின் கண்ணாடியில் உருவம் தலைகீழாகத்தான் விழும். அதில் ராட்டினத் தொட்டில் ஒன்று சாவகாசமாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஏறுகிறது என்றால் நிஜத்தில் அவர் தலையை நோக்கி இறங்குகிறது என்று புத்தியில் உறைத்தது. துணியோடு பாய்ந்து அவருடைய அங்கவஸ்திரத்தைப் பிடித்து இழுத்தேன். தொட்டில் குடுமியை உரசிக்கொண்டு போயிற்று. மண்ணில் குப்புற விழுந்தவர் மெதுவாக எழுந்து, முதலில் சூரியன் எங்கே இருக்கிறது என்று பார்த்தார்.

"கெழக்கு பாத்துதானே விழுந்தேன்? அப்ப தோஷமில்லே. எடும்."

ஒரு முழம் தள்ளி

மூன்று பேராக நின்று படம் எடுத்தால் ஒருவர் உயிருக்கு ஆகாது என்று நம் ஜனங்களுக்கு ஒரு பயம். அதனால் மூன்று பேர் வந்தால் நாலாவதாக ஒருவரைத் தேடிப் பிடிப்பார்கள். நாங்கள் அந்த ஆளை ஒரு முழம் தள்ளி ஓரத்தில் நிறுத்துவோம். அச்சுப் போடும்போது கருப்புக் காகிதம் வைத்து அவரை மறைத்துவிடலாம். சாஸ்திரத்துக்கு நாலு, சுவருக்கு மூணு.

லால்குடிப் பக்கத்துக் குடியானவர் ஒருவர், சமயபுரத்தில் பெண் குழந்தைக்கு மொட்டை போட்டுவிட்டு, தலையில் சந்தனம் காய்வதற்குள் மனைவியோடு என் கூடாரத்துக்கு வந்தார். மூன்றே பேர். ராட்டினத்துக்குக் காத்திருந்த ஒரு வாலிபனைக் கையைப் பிடித்து இழுத்துவந்தார். அவன் பெயர் காதர், பெரிய கடைத்தெரு ஜவுளிக்கடையில் வேலை. ரங்கூனுக்குக் கப்பலேறப் போகிறவன். படம் எடுப்பதே பாவம் என்கிறவர் அவன் அத்தா. தெரிந்தால் தோலை உரித்துவிடுவாராம். வெட்டிவிடுகிறேன், பயப்படாதே என்று சொல்லி ஒரு முழம் தள்ளி நிறுத்தினேன். குழந்தையின் தாயார் ஒத்துக்கொள்ளவில்லை.

"அவ்வளவு தள்ளி நின்னா அவங்க யாரோ, நாங்க யாரோ. பாப்பா கையப் புடிச்சுக்கட்டும், அப்பத்தான் நாலு."

நீட்டிய கை

காதரை மறைத்துவிட்டேன். குழந்தையின் கையை என்ன செய்வது? அவன் விரலைப் பிடித்துக்கொண்டிருந்த கை அது. மணிக்கட்டோடு வெட்டினால் குழந்தைக்கு ஊனம் என்று பெற்றவர்கள் என்னை உதைப்பார்கள். முடிந்தவரை ஓரம் கொடுத்து அச்சுப் போட்டேன். படத்தில் குழந்தை, யாருமில்லாத பக்கம் கையை நீட்டிக்கொண்டு நின்றது. படம் வாங்க வந்த குடியானவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குங்க. எம்பொண்ணு யார்கிட்டங்க கையக் குடுத்துட்டு நிக்குது?"

முருகனுக்கு முந்தி

யுத்தம் வந்தது. ரங்கூனில் குண்டு விழுந்து, நம் ஆட்கள் காட்டு வழியாக நடந்தே திரும்பிவருவதாகச் செய்தி. ஒரு நாள் மத்தியானம் காதரின் அம்மா தன் மருமகன் யூசுப்போடு ஸ்டூடியோவுக்கு வந்தார். காதரின் தகப்பனார், அந்தக் கண்டிப்பான அத்தா, போன வருஷமே மவுத்தாகிவிட்டாராம். அந்தச் செய்தி மகனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்றே தெரியாது. கல்கத்தாவில் கொட்டகைகளில் எந்த ஊர் என்று தெரியாமல் பலர் காய்ச்சலில் கிடப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். யூசுப் அன்று சாயங்கால ரயிலுக்குக் கிளம்புகிறார். ஆனால் அவர் கல்யாணம் செய்துகொண்டது காதர் போன பிறகு. மச்சான் முகத்தையே பார்த்ததில்லை. வீட்டில் ஒரு படம் கிடையாது. காதர் அம்மா காதில் மட்டும் ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான், பொருட்காட்சியில் எவருக்கோ நாலாவதாக நின்றேன் என்று.

அவன் முகம் இருந்தது என் பழைய நெகட்டிவ் கண்ணாடி ஒன்றில்தான். யுத்தத்தில் புதுக் கண்ணாடி கிடைக்காமல், பிரேம் கடைக்காரர்கள் எங்கள் பழைய நெகட்டிவ் கண்ணாடிகளை வாங்கி, உருவத்தைக் கழுவிவிட்டுச் சாமி படங்களுக்குப் போட்டுவந்தார்கள். என் பெட்டிகள் முந்தின நாள்தான் போயிருந்தன.

ஓடினேன். கடைக்காரர் சோடா உப்புத் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தார். தொட்டியில் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். யார் யார் கல்யாணமோ என் விரலோடு வழுக்கிக்கொண்டு போயிற்று. தொட்டியில் இல்லை. பக்கத்து அடுக்கில் தேடினேன். சந்தனம் பூசிய மொட்டைத் தலை நெகட்டிவில் கருகருவென்று முடி வைத்த மாதிரி இருக்கும் என்பதை அவசரத்தில் மறந்து, அந்தக் கண்ணாடியை இரண்டு தடவை தாண்டிப் போனேன். மூன்றாம் தடவை அந்தச் சின்னக் கைதான் கண்ணில் பட்டது. கடைக்காரர் அலுத்துக்கொண்டார்.

"எடுத்துட்டுப் போங்க. உங்களால ஒரு முருகன் கண்ணாடியில்லாம நிக்கிறாரு, ஞாபகம் வச்சுக்குங்க."

யார் கை

இந்தத் தடவை மற்ற மூவரையும் மறைத்துவிட்டுக் காதரை மட்டும் அச்சுப் போட்டேன். பயந்த முகம், ஆனால் தெளிவாக விழுந்திருந்தது. அவன் விரலைப் பிடித்தபடி, வளையல் வரைக்கும் ஒரு குழந்தைக் கை. மை தொட்டு அதை அழித்துத் தருகிறேன் என்றேன். அந்த அம்மா படத்தை மார்போடு வைத்துக்கொண்டார்.

"வேணாம் தம்பி, இருக்கட்டும். எம்புள்ளைய யாரோ ஒரு கை புடிச்சிருக்குல்ல."

அந்தக் கை யாருடையது என்று யூசுப்புக்கு மட்டும் விவரமாகச் சொல்லி அனுப்பினேன். பிறகு தகவலே இல்லை. அந்த அம்மா தினம் ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றுவிட்டுப் போவார். நான் துணிக்குள் தலையை விட்டுக்கொள்வேன். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

கடைசியில் யூசுப் வந்து சொன்னார். கொட்டகையில் காதர் என்ற பெயரில் மூன்று பேர் கிடந்தார்களாம். மூவரும் எலும்பும் தோலும் தாடியும். படத்து முகம் எவருக்கும் இல்லை. யூசுப் ஒவ்வொருவரிடமும் படத்தைக் காட்டி, இது யார் கை என்று கேட்டிருக்கிறார். ஒருவர் தன் தங்கை கை என்றார். ஒருவர் தெரியாது என்றார். மூன்றாவது ஆள் வெகு நேரம் பார்த்துவிட்டு, மெதுவாக யூசுப்பின் சட்டையைப் பிடித்தாராம்.

"சமயபுரத்து மொட்டைப் பாப்பாங்க. நாலாவதா நிக்கச் சொன்னாங்க, நின்னேன். அத்தாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

அதிலிருந்து என் கூடாரத்தில் யார் ஓரமாக நின்றாலும் 'நெருங்கி வந்து கையப் புடிச்சுக்குங்க' என்றுதான் அதட்டுகிறேன், படத்தைக் கெடுக்கிறான் என்று எல்லாரும் திட்டுகிறார்கள்.